போலோ ஜிடி டிஎஸ்ஐ-யைக் கொடுத்துவிட்டு ஹோண்டா சிட்டி சிவிடி: பெங்களூரு டிராஃபிக்கில் எது தாங்கும்?

ஒரு ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் எப்படிப்பட்டது என்று பார்க்க, மாலை ஏழு மணிக்கு சில்க் போர்டு ஜங்ஷனுக்குக் கொண்டுபோனால் போதும். அங்கே கார் ஓடுவதில்லை, ஊர்கிறது. ஐந்தடி நகரும், நிற்கும், மறுபடி ஐந்தடி நகரும். ஐடில் வேகத்தில் இன்ஜின் 700, 800 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காது. சக்கரமோ ஆள் நடக்கிற வேகத்தில் உருள்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வழுக்கிக்கொடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் நின்றுவிடும். அந்த வழுக்கலை எந்தப் பாகம் தாங்குகிறது என்பதில்தான் ஒரு கார் நம்பகமானதா இல்லையா என்பது பெங்களூரில் தீர்மானமாகிறது. பிராண்டு பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2013-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யை வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அல்சூரிலும் ஃப்ரேசர் டவுனிலும் ஒயிட்ஃபீல்டிலும் இன்னமும் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். அதை விட்டு ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் சிவிடிக்கு (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) மாறலாமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இந்த ரிவியூ. கண்ணைக் கட்டிக்கொண்டு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். எதை இழப்பீர்கள், எது கிடைக்கும் என்று இரண்டையும் பார்த்துவிடலாம்.

போலோவில் எது கெடுகிறது, ஏன் கெடுகிறது

முதலில் அந்தக் காருக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 பிஎஸ். 175 என்எம் டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். சுமார் 1,100 கிலோ எடை. நூறு கி.மீ. வேகத்தை எட்ட 9.7 விநாடி என்று கம்பெனி சொன்னது. ஓசூர் ரோட்டில் லாரியை முந்த ஆக்சிலரேட்டரைப் பாதி அமுக்கினாலே கார் பாய்ந்துவிடும். கதவைச் சாத்தும் சத்தத்திலிருந்து 120-ல் போகும்போது தரையைப் பிடித்துக்கொள்ளும் பிடி வரைக்கும் அந்த விலையில் அதற்கு ஈடான கார் அப்போது கிடையாது.

சிக்கல் அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி பாக்ஸில் இருக்கிறது. டிக்யூ200 என்பது அதன் பெயர். உள்ளே இரண்டு கிளட்ச். 1, 3, 5, 7 கியர்களுக்கு ஒன்று, 2, 4, 6, ரிவர்ஸுக்கு இன்னொன்று. இரண்டும் காய்ந்த கிளட்ச், அதாவது ஆயிலில் ஊறாதவை. சாதாரண மேனுவல் காரில் இருக்கும் தட்டு மாதிரிதான், கால் வைத்து அமுக்குவதற்குப் பதிலாக ஹைட்ராலிக் அமுக்குகிறது. ஹைவேயில் இது அருமையான ஏற்பாடு. ஆயிலைக் கலக்குவதில் சக்தி வீணாகாது, மைலேஜ் கிடைக்கும், கியர் மாறுவது கண் இமைக்கும் நேரம். ஆனால் நெரிசலில் பிரேக்கிலிருந்து காலைப் பாதி எடுத்து ஊர விடும்போதெல்லாம் முதல் கியர் கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்கிறது. அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போக அங்கே ஆயில் இல்லை. மேனுவல் காரில் கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டுபவரின் தட்டு என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும்.

முதல் அறிகுறி, 1-லிருந்து 2-க்கு மாறும்போதும் வேகம் குறைந்து 2-லிருந்து 1-க்கு இறங்கும்போதும் வரும் ஒரு நடுக்கம். ஸ்டீயரிங்கில் தெரியாது, சீட்டுக்கு அடியில் தெரியும். பிரேக் அமுக்கியும் அமுக்காமலும் ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது டக்கென்று ஒரு இடி வரும். இந்தக் கட்டத்தில் ஸ்கேனர் மாட்டி, கிளட்ச் பிடிக்கும் இடத்தை பாக்ஸுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் அடாப்டேஷன் செய்தால் சில மாதம் சரியாகும். தட்டு உண்மையிலேயே தேய்ந்திருந்தால் மறுபடி வரும். கிளட்ச் பேக் மாற்றுவது தெருமுனை மெக்கானிக் வேலை இல்லை. கழற்றி மாட்டத் தனி டூல் வேண்டும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம்மை அளந்து போட வேண்டும். அளவு தவறினால் புது கிளட்சும் நடுங்கும்.

இதைவிடப் பெரிய செலவு மெக்கட்ரானிக் யூனிட். கியர் மாற்றும் கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்த பெட்டி அது. அதன் அலுமினிய உடலில், ஆயில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் பிரஷர் அக்யூமுலேட்டர் திருகியிருக்கும் இடத்தைச் சுற்றி விரிசல் விடுவது இந்த பாக்ஸில் உலகம் முழுக்கத் தெரிந்த பழுது. விரிசல் வழியே ஆயில் கசியும், பம்ப் ஓயாமல் ஓடும், பிரஷர் ஏறாது. ஸ்கேனரில் பி17பிஎஃப், பி189சி என்ற எரர் கோட்கள் வந்தால் பெரும்பாலும் இதுதான். மீட்டரில் கியர் எழுத்து மின்னும், கார் எந்த கியரையும் பிடிக்காது. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், கார் மட்டும் நடுரோட்டில் நிற்கும். புது யூனிட் போட்டால் கோடிங், பேசிக் செட்டிங் எல்லாம் சேர்த்து பில் லட்ச ரூபாயைத் தாண்டும். உடலை மட்டும் மாற்றியோ, வலுப்படுத்தும் பிளேட் போட்டோ சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். செலவு குறையும், ஆனால் செய்பவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

இது ஓட்டுபவர்களின் கற்பனைக் குறை இல்லை. 2013-ல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, இந்த கியர்பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. சூடும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், மெக்கட்ரானிக்கில் மின் கோளாறு வந்ததுதான் காரணம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் சூடு சென்னை அளவுக்கு இல்லை. நின்று நின்று போவதில் இந்த ஊரை மிஞ்ச ஆள் இல்லை.

இன்னும் கொஞ்ச நாள் போலோவையே வைத்திருக்கப் போகிறவர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம். நிற்கும்போது பிரேக்கை முழுசாக அமுக்குங்கள், கிளட்ச் முழுசாக விலகிக்கொள்ளும். முன்னால் இருக்கும் கார் நகர்ந்தவுடன் பின்னாலேயே ஊராமல், இரண்டு கார் நீளம் இடம் விழுந்தபின் ஒரேடியாக நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடித்துவிட்டுப் போகட்டும். மேட்டில் ஆக்சிலரேட்டரால் காரைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது.

ஒரு முக்கியமான விஷயம். இதெல்லாம் 1.2 டிஎஸ்ஐ டிஎஸ்ஜிக்குத்தான். 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோ ஆட்டோமேட்டிக்கில் இருப்பது, தட்டுக்குப் பதில் ஆயில் வழுக்கிக்கொடுக்கும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் பாக்ஸ். 2022-ல் போலோ நிறுத்தப்படும் வரை அதுதான். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் இந்தப் பயத்தில் விற்க வேண்டியதில்லை.

சிட்டி ஏன் தாங்குகிறது

ஹோண்டா சிட்டியின் சிவிடி பாக்ஸில் இன்ஜினுக்கு அடுத்து இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இரண்டு விசிறிகள் எதிரெதிரே ஆயிலுக்குள் மூழ்கி இருக்கின்றன. ஒன்றை இன்ஜின் சுற்றுகிறது, அது தள்ளும் ஆயில் மற்றதைச் சுற்றுகிறது. ஊரும்போது வழுக்குவது திரவம், தட்டு இல்லை. திரவம் தேயாது, சூடாகும், அவ்வளவுதான். அதையும் கூலர் வழியே ஆற்றிக்கொள்ளும். மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கிளட்சின் ஆயுளில் கழியாது. சிட்டி போலோவைவிட நம்பகமானது என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டு புல்லிகளும் ஒரு ஸ்டீல் பெல்ட்டும். புல்லிகள் விரிந்து சுருங்கி விகிதத்தை மாற்றும், படிப்படியாக கியர் கிடையாது. இன்ஜின் டர்போ இல்லாத 1.5 லிட்டர் ஐ-விடெக், 121 பிஎஸ், டைமிங் செயின். டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, டைரக்ட் இன்ஜெக்ஷன் இல்லை. பெட்ரோல் இன்டேக் போர்ட்டிலேயே தெளிக்கப்படுவதால், டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் வால்வு பின்புறம் சேரும் கரி இங்கே பெரிதாகச் சேராது. கெடுவதற்கு இருக்கும் பாகங்களே குறைவு.

ஓட்ட எப்படி இருக்கும்? காகிதத்தில் சிட்டிக்கு பவர் அதிகம். காலுக்குக் கீழே அது தெரியாது. 145 என்எம் டார்க் 4,300 ஆர்பிஎம்மில்தான் முழுசாக வருகிறது. போலோ 1,500-ல் தள்ளிய இடத்தில் சிட்டி யோசிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் சத்தம் ஏறும், பின்னாலேயே வேகம் ஏறும். முன்னே சத்தம், பின்னே வேகம் என்ற இந்த வரிசை போலோ ஓட்டியவருக்கு முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். இதற்கு வழி, காலை முழுசாக மிதிக்காமல் பாதியில் நிறுத்தி வைப்பது. ஆர்பிஎம் ஊசி 2,500-ஐ ஒட்டி நிற்கும், கார் சத்தமில்லாமல் வேகம் எடுத்துக்கொண்டே போகும். முந்த வேண்டியிருந்தால் முன்கூட்டியே எஸ் (ஸ்போர்ட்) மோடுக்குத் தள்ளிவிட வேண்டும். லாரிக்குப் பின்னால் வந்த பிறகு மிதித்தால் நேரம் ஆகும்.

ஸ்டீயரிங் லேசு. ஊருக்குள் சுகம், 110-க்கு மேல் போலோவின் கனம் இருக்காது. பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். சஸ்பென்ஷன் மெத்தை, பள்ளங்களைப் போலோவைவிட நன்றாக விழுங்குகிறது. வளைவில் கொஞ்சம் சாயும். டயர் இரைச்சல் போலோவைவிட அதிகமாக உள்ளே கேட்கும், சிமென்ட் ரோட்டில் நன்றாகவே தெரியும்.

மைலேஜில் பெரிய லாபத்தை எதிர்பார்க்க வேண்டாம். அராய் என்ற சோதனை அமைப்பின் கணக்கில் லிட்டருக்குப் போலோ 17.2 கி.மீ., சிட்டி சிவிடி 18.4. பெங்களூரு நெரிசலில் இரண்டுமே பத்தை ஒட்டித்தான் நிற்கும். பெட்ரோல் மிச்சத்துக்காக மாறுகிறவர் சிட்டி ஹைப்ரிட்டைப் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்கு இது வேறு உலகம். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், சுமார் 13 சென்டிமீட்டர் அதிகம். பின் சீட்டில் ஆறடி ஆள் காலை நீட்டி உட்காரலாம். போலோவின் 280 லிட்டர் டிக்கியில் இரண்டு பெட்டியோடு முடிந்துவிடும். சிட்டியின் 506 லிட்டரில் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பெட்டிகளும், திரும்பும்போது அம்மா கொடுத்தனுப்பும் அரிசி மூட்டையும் தேங்காயும் ஒன்றாக அடங்கும்.

ஆனால் சீட் தாழ்வு. முட்டி வலி உள்ள பெரியவர்கள் இறங்கி உட்கார வேண்டும், எழுந்து வெளியே வர வேண்டும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் டெஸ்ட் டிரைவுக்கு அவர்களை அழைத்துப்போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் இந்தக் கார் வேண்டாம், உயரமான காரைப் பாருங்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மில்லிமீட்டர். ஒருவர் இருவர் போனால் ஒன்றும் இடிக்காது. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் லேஅவுட்டுகளுக்குள் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் ஸ்பீட் பிரேக்கர்களில் வயிறு உரசும். வீல்பேஸ் நீளம் என்பதால் நடுவயிறுதான் முதலில் தட்டும். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். நீளம் நாலரை மீட்டருக்கு மேல். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் பார்க்கிங்கை வாங்கும் முன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டியது

ஷோரூம்காரர்கள் காலி ரோட்டில் ஒரு சுற்று சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதில் எந்தக் காரும் நன்றாகத்தான் இருக்கும். பேஸ்மென்ட் ராம்ப்புக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ராம்ப்பின் நடுவில் நிறுத்தி, பிரேக்கை மெதுவாக விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ன ஆகிறது என்று பாருங்கள். டார்க் கன்வெர்ட்டர் உள்ள கார் நிற்கும் அல்லது மெல்ல ஏறும், உதறாது. பிறகு ரிவர்ஸில் அதே ராம்ப்பில் ஏற்றிப் பாருங்கள். பழைய காராக இருந்தால் ரிவர்ஸ் ஏற்றத்தில்தான் பாக்ஸின் உண்மையான நிலைமை வெளியே வரும்.

செகண்ட் ஹேண்ட் சிட்டி வாங்குகிறவர்களுக்கு

ஐந்தாம் தலைமுறை 2020 ஜூலையில் வந்தது. போலோவை விற்ற காசோடு கொஞ்சம் சேர்த்தால் செகண்ட் ஹேண்ட் சிட்டி கிடைக்கும், நல்ல யோசனைதான். ஆனால் பெங்களூரில் ஒரு தனி ஆபத்து உண்டு. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, அவுட்டர் ரிங் ரோடு பக்கமெல்லாம் பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர் நின்றது. அப்போது மூழ்கிய கார்கள் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். கடைசி அரை மீட்டர் துணியில் சேற்றுக் கோடோ, வெளிறிய கறையோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். சீட்டுக்கு அடியில் ரெயில் திருகுகளில் துரு. ஸ்டெப்னி குழியில் மண் படிவு. டிரைவர் கால் பக்க கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஃபெல்ட்டை முகர்ந்து பாருங்கள். வாசனை ஸ்பிரே அதிகமாக அடித்த காரைச் சந்தேகப்படுங்கள். சேஸிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி கேளுங்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரியும் கேளுங்கள். 2022 கடைசியில் பெரிய கிளெய்ம் இருந்தால் காரணம் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்து சிவிடி. விற்கிறவர் சொல்லும் வழக்கமான வார்த்தை, "சார், சிவிடி ஆயில் எல்லாம் லைஃப்டைம் சார், மாத்தவே வேணாம்." நம்ப வேண்டாம். இந்த பாக்ஸில் பெல்ட் புல்லியைப் பிடித்திருப்பதே அந்த ஆயிலின் தன்மையால்தான். எச்சிஎஃப்-2 என்ற ஹோண்டாவின் சிவிடி ஃப்ளூயிட் தவிர வேறு எதை ஊற்றினாலும், மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்கான சாதாரண ஏடிஎஃப் ஆயிலை ஊற்றினால் கேட்கவே வேண்டாம், பெல்ட் வழுக்கி புல்லியைக் கீறிவிடும். கீறிய புல்லி மறுபடி சரியாகாது, பாக்ஸையே மாற்ற வேண்டும்.

வாங்கும் முன் பில்லைக் கேட்டு, எந்த கிலோமீட்டரில் எச்சிஎஃப்-2 மாற்றியது என்று பாருங்கள். 50,000 கி.மீ. தாண்டியும் மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது 20-லிருந்து 40 வரைக்கும் காலை லேசாக வைத்து ஏற்றுங்கள். அந்த வேகத்தில்தான் கன்வெர்ட்டர் லாக் ஆகிறது, அதாவது வழுக்குவதை விட்டு நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆயில் கெட்டிருந்தால் ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் போவது மாதிரி ஒரு சன்னமான அதிர்வு வரும். வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ஊளைச் சத்தம் வந்தால் அது பேரிங், அந்தக் காரை விட்டுவிடலாம்.

முந்தைய நான்காம் தலைமுறை சிட்டியைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். 2017, 2018-ல் தயாரான பல கார்களுக்கு ஃப்யூவல் பம்ப் ரீகால் உண்டு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் ஹோண்டா டீலர் சொல்லிவிடுவார், மாற்றுவது இலவசம்.

பராமரிப்பு

ஹோண்டா சிட்டி பராமரிப்பில் தவறு செய்ய இடம் குறைவு. செய்யக்கூடிய ஒரே பெரிய தவறு சிவிடி ஆயிலை மறப்பதுதான். நெரிசலில் ஓடும் காருக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஒரு தடவை வடித்தால் சுமார் மூன்றரை லிட்டர் வெளியே வரும், கன்வெர்ட்டருக்குள் இருப்பது வராது. அதனால் மிகப் பழைய ஆயிலாக இருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டாவது தடவை மாற்ற வேண்டும். மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்கிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வடிக்கும்போது பக்கத்தில் நின்று ஆயில் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். விரலில் எடுத்தால் பவுடர் மாதிரி குழையும் சாம்பல் நிறப் பசை இயல்பு. மினுக்கும் செதில் கிடைத்தால் இயல்பு இல்லை. பழைய ஆயிலை வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். பழுப்பாக இருந்தால் வயசு, கருகிய வாடை அடித்தால் சூடேறியிருக்கிறது, பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிக்கும் போல்ட்டின் வாஷரைப் புதுசாகப் போடச் சொல்லுங்கள், பழசைப் போட்டால் கசியும்.

இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20. இது தண்ணீர் மாதிரி ஓடுகிறதே என்று சில மெக்கானிக்குகள் 10டபிள்யூ-30 ஊற்றப் பார்ப்பார்கள். இந்த இன்ஜினின் இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை, சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். ஸ்பேர் கிடைப்பதில் கவலை இல்லை. ஃபில்டர், பிரேக் பேட், லிங்க் ராட் எல்லாம் ஜே.சி. ரோட்டில் அன்றைக்கே கிடைக்கும். ஒரிஜினல் கேட்டு பில்லோடு வாங்குங்கள். எச்சிஎஃப்-2-வை மட்டும் டீலரிடமே வாங்கிவிடுங்கள்.

பேஸ்மென்டில் நிறுத்துபவர்களுக்கு எலி ஒரு பெரிய பிரச்சனை. நல்ல காரையும் படுக்க வைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள், காரை நாள்கணக்கில் அசையாமல் விடாதீர்கள்.

வேறு எதைப் பார்க்கலாம்

போலோவை விட மனசே வராதவர்கள் ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸுக்குத்தான் போவார்கள். அதில் இரண்டு ஆட்டோமேட்டிக். 1.0 டிஎஸ்ஐ-யில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். 1.5 டிஎஸ்ஐ-யில் ஏழு கியர் டிஎஸ்ஜி, அது மறுபடியும் டிக்யூ200 குடும்பம்தான், திருத்தப்பட்ட வடிவம் என்றாலும் காய்ந்த கிளட்ச்தான். தினமும் ஓசூர் ரோட்டில் ஊர்கிறவருக்கு 1.0 ஆட்டோமேட்டிக்கைத்தான் சொல்வேன். ஓட்டுகிற சுகத்தில் போலோவின் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

காசு கூடப் போடத் தயாராக இருப்பவர்களுக்கு சிட்டி இ:எச்இவி ஹைப்ரிட், 2022-ல் வந்தது. வழக்கமான கியர்பாக்ஸே இல்லை. ஊருக்குள் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது, இன்ஜின் ஜெனரேட்டராக ஓடுகிறது. 253 என்எம் மோட்டார் என்பதால் போலோவின் ஆரம்பத் தள்ளல் திரும்பக் கிடைக்கும். ஏசி கம்ப்ரஸர் கரண்டில் ஓடுவதால் சிக்னலில் இன்ஜின் நின்றாலும் ஏசி நிற்காது. குறை, பேட்டரிக்கு இடம் கொடுத்து டிக்கி சுமார் 300 லிட்டராகச் சுருங்கிவிட்டது. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்ட்டி.

காகித வேலை

போலோவை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆர்சி பெயர் மாறும் வரை அபராதமும் வழக்கும் உங்கள் பெயருக்கே வரும். அனுமதி பெற்ற டீலரிடம் கொடுத்தால் காரை அவரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29சி போடச் சொல்லுங்கள். அதன் பிறகு பொறுப்பு அவருடையது. லோன் முடிந்திருந்தால் ஃபார்ம் 35 கொடுத்து ஆர்சியில் இருக்கும் பேங்க் பெயரை நீக்குங்கள். ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள், இல்லையென்றால் அத்திப்பள்ளி டோலில் புது ஓனர் போகும்போது உங்கள் கணக்கில் காசு போகும்.

நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி சர்டிஃபிகேட் வாங்கிப் புது சிட்டியின் பாலிசியில் காட்டினால் ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) பிரீமியத்தில் அந்தச் சதவீதம் கழியும். போலோவோடு சேர்த்து இதையும் கொடுத்துவிடுகிறவர்கள் ஏராளம்.

ஆயுள் வரியில் ஒரு எச்சரிக்கை. 10 முதல் 20 லட்சம் விலை கார்களுக்குக் கர்நாடகத்தில் 17 சதவீதம், அதோடு செஸ் தனி. தமிழ்நாட்டில் 15 சதவீதம். ஓசூரில் சொந்தக்காரர் முகவரியில் டிஎன்-70 நம்பர் எடுத்துவிடலாம் என்ற யோசனை நம் ஆட்களிடம் அடிக்கடி வரும். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். கர்நாடக வரியையும் கட்டி, தமிழ்நாட்டில் கட்டியதைத் திரும்ப வாங்க அலைவதைவிட, குடியிருக்கிற ஊரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

மலை ரோடு

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர். போலோ அந்த வளைவுகளில் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறியதை நினைத்து ஏங்குகிறவர்கள் சிட்டியில் டி-யிலேயே ஏறினால் ஏமாந்துபோவார்கள். எஸ்-க்குத் தள்ளி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் உள்ள வேரியன்ட்டில் இடது பேடிலைத் தட்டி, சிவிடி கியர் மாதிரி போலியாக அமைக்கும் படிகளில் மூன்றாவதுக்குக் கொண்டுவந்து, ஊசியை 4,000-க்கு மேலேயே வைத்திருங்கள். ஐ-விடெக் இன்ஜினின் உயிர் அங்கேதான் இருக்கிறது, 6,600 வரை தயங்காமல் ஏறும். சத்தம் கேட்டு இன்ஜினுக்கு வலிக்கிறது என்று காலை எடுக்காதீர்கள், அதற்காகவே செய்த இன்ஜின் அது. இறங்கும்போது இதே பேடிலால் இரண்டாவது படியில் வைத்து இன்ஜின் பிரேக்கிங்கில் இறக்குங்கள். பின் சக்கர டிரம்மைச் சூடேற்றிக்கொண்டே ஜோலார்பேட்டை வரைக்கும் போக வேண்டியிருக்காது.